மருத்துவமனை தொடங்கிவைக்கும் வலி: விருதுநகர் மாவட்டத்தை முன்வைத்து

பிரசவ வலி இயற்கையானது, பெண் அதைத் தாங்கித்தான் ஆகவேண்டும் என்ற வாதம் தானாக வந்த வலிக்கே முழுதாகப் பொருந்தாது. மருந்து கொடுத்து வரவழைத்த வலிக்கு அது அறவே பொருந்தாது. அந்த வலியைத் தொடங்கிவைப்பது மருத்துவமனை. தணிக்கும் பொறுப்பும் அதனுடையதே.

தன்னியல்பான பிரசவத்தில் கருப்பை வாய் பல நாட்களாக மெல்ல இளகுகிறது. மூளையடிச் சுரப்பி ஆக்ஸிடோசினை விட்டுவிட்டுச் சுரப்பதால் சுருக்கங்களுக்கிடையே பெண்ணுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. மருந்தாலோ கருவியாலோ பிரசவத்தைத் தொடங்கிவைக்கும் தூண்டலில், இளகாத வாயை மாத்திரையாலோ பலூன் குழாயாலோ முதலில் இளக்க வேண்டும். பிறகு சொட்டுமருந்தாக ஆக்ஸிடோசின் இடைவிடாமல் ஏறும். அளவு மிஞ்சினால் பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் சுருக்கங்கள் வந்து இடைவெளியே இல்லாமல் போகும். மேலும், வாய் இளகும் அந்த நீண்ட முதற்கட்ட வலியைப் பலர் பிரசவ வலியாகவே கணக்கில் எடுப்பதில்லை.

'பெண்களே வலி வரவைக்கும் ஊசியைக் கேட்கிறார்கள்' என்பது வழக்கமான மறுப்பு. அதில் உண்மை உண்டு. 1990களில் சென்னையிலும் அருகிலுள்ள மீனவக் கிராமத்திலும் களஆய்வு செய்த மானிடவியலாளர் செசிலியா வான் ஹாலன், வலி கூடினால் சக்தி கூடும் என்ற நம்பிக்கையோடு பெண்கள் அம்மருந்தை விரும்பியதை 2003இல் வெளியான தம் நூலில் பதிவுசெய்தார். ஆனால் அவர்கள் முன் இருந்த தேர்வு என்ன? நீண்ட வலி, அல்லது கடுமையான குறுகிய வலி. தணிப்பு என்ற மூன்றாவது வழி அரிதாகவே இருந்தது. விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெரும்பாலும் செய்த எண்ணிக்கைக்கே கூலி. பிரசவத்துக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கூலி இழப்பு, துணைக்கு வரும் அம்மாவுக்கும் சேர்த்து. 'சீக்கிரம் முடிஞ்சா சரி' என்பதை வலிக்கான சம்மதமாக வாசிப்பது தவறு. பட்டாசு விபத்தில் தீக்காயம் பட்டவருக்கு வலிமருந்து எதற்கென்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.

தூண்டல் எப்போதும் அதிகம் வலிக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 6,106 முதற்பிரசவப் பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான 'அரைவ்' ஆய்வில், 39ஆம் வாரம் தூண்டப்பட்டவர்களே வலி குறைவு என்றனர். அறுவைப் பிரசவமும் 22.2 விழுக்காட்டிலிருந்து 18.6ஆகக் குறைந்தது. ஆனால் அங்கே முதுகில் செலுத்தும் வலிதணிப்பு மருந்தான எபிடியூரல் அன்றாட நடைமுறை. அந்த வசதியை விட்டுவிட்டுத் தூண்டலை மட்டும் இறக்குமதி செய்தால் அதே முடிவு கிடைக்காது. சிக்கலற்ற கர்ப்பத்தில் 41 வாரத்துக்கு முன் தூண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் சொன்னதையும் மறக்கலாகாது.

தமிழகத்தில் அனேகமாக எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன, அவற்றில் 44.9 விழுக்காடு அறுவை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அத்தனை அறுவைக்கும் மயக்க மருத்துவர் கிடைக்கிறார். வலி தணிக்க மட்டும் ஆளில்லை என்ற பதில் பாதி உண்மைதான். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. சாத்தூர், அருப்புக்கோட்டை போன்ற அரசு மருத்துவமனைகளில் இரவும் பகலும் எபிடியூரல் எதிர்பார்ப்பது இன்று மிகை. வலிநிவாரண ஊசி, நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு, விடாமல் கூடவே இருக்கும் பிரசவத் துணை ஆகியவை மிகையல்ல. அவசரமில்லாத தூண்டலை மயக்க மருத்துவர் பணியிலுள்ள நாளுக்கும் இடத்துக்கும் குறிக்கலாம். தானாக வரும் வலிக்குத்தான் நாள் குறிக்க முடியாது.