மருத்துவமனை வாசலுக்கு அப்பால்: பீமாரிஸ்தான் மரபும் ஏர்வாடியும்

எகிப்தை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கி.பி. 872-874 அளவில், தம் தலைநகரில் ஒரு மருத்துவமனையை எழுப்பினார். அதன் நடைமுறைகளை வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (ரஹ்) தமது ‘கிதத்’ நூலில் பதிவு செய்துள்ளார். உள்ளே சேரும் நோயாளியின் உடையும் பணமும் பெறப்பட்டுப் பொறுப்பாளரிடம் அமானிதமாக வைக்கப்படும். மருத்துவமனையின் உடையும் படுக்கையும் அவருக்குத் தரப்படும். ஒரு கோழியையும் ஒரு ரொட்டியையும் உண்ணக்கூடிய நிலைக்கு வந்துவிட்டால் அவர் குணமடைந்தவர். அமானிதப் பொருள்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீடு செல்லலாம்.

காய்ச்சலுக்கும் வயிற்று நோய்க்கும் இந்த எளிய அளவுகோல் போதுமானதுதான். மனநோயாளிக்கு இது எப்படிப் பொருந்தும்? அத்தகையோருக்கும் அந்த மருத்துவமனையில் இடமிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் இப்னு தூலூன் நேரில் சென்று நோயாளிகளைப் பார்ப்பது வழக்கம். ஒரு நாள் விலங்கிடப்பட்டிருந்த ஒருவர், தாம் பைத்தியமல்லர் என்று முறையிட்டுத் தமக்கு ஒரு மாதுளம்பழம் வேண்டுமெனக் கேட்டார். ஆட்சியாளர் உடனே வரவழைத்துக் கொடுத்தார். வாங்கியவர் அதைக் கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, ஆட்சியாளரின் மார்பிலேயே வீசியெறிந்தார். சாறு தெறித்து ஆடை பாழாயிற்று. அதன்பின் இப்னு தூலூன் அங்குப் போவதை நிறுத்திக்கொண்டார் என்கிறது அவ்வரலாறு. இதை நகைச்சுவையாகச் சொல்லிப் போவோர் உண்டு. அந்த மனிதர் பின்னர் என்னவானார் என்று கேட்போரைக் காண்பது அரிது.

பீமாரிஸ்தான்கள் எழுந்த வரலாறு நம்மிடையே நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அவற்றிலிருந்து வெளியேறியவர் எங்கே போனார், யாருடைய துணையில் வாழ்ந்தார் என்பதே நாம் ஈண்டு ஆராய விழையும் வினா.

கி.பி. 1154இல் சுல்தான் நூருத்தீன் மஹ்மூத் ஸன்கீ திமிஷ்கில் நிறுவிய மருத்துவமனையை, முப்பது ஆண்டுகள் கழித்து அந்தலுஸியப் பயணி இப்னு ஜுபைர் கண்டார். நோயாளிகளின் பெயர்களையும் அவர்களுக்கான மருந்து, உணவுச் செலவுகளையும் எழுதிய பேரேடுகள், அதிகாலையிலேயே வந்து நோயாளிகளைப் பார்வையிடும் மருத்துவர்கள் ஆகியவற்றைப் பாராட்டி எழுதும் அவர், மனநோயாளிகளுக்கும் அங்கே சிகிச்சை உண்டு என்கிறார். அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். நம் மேடைகளில் இப்னு ஜுபைரின் பாராட்டு மட்டும் எடுத்துக்காட்டப்படுகிறது. சங்கிலி விடுபட்டுப் போகிறது. வரலாற்றைப் பெருமைக்காக மட்டும் படிப்போரின் கண்ணுக்கு அது படுவதில்லை போலும்.

இதே மருத்துவமனையின் மருந்தினால் திமிஷ்கில் நோய் தீர்ந்தவர், அப்போது அமீராக இருந்த கலாவூன். தாம் ஆட்சிக்கு வந்தால் இதுபோல் ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்ட அவர், சுல்தானானபின் கி.பி. 1284இல் (ஹிஜ்ரி 683) கெய்ரோவில் மன்ஸூரீ மருத்துவமனையைக் கட்டி முடித்தார். ஆணும் பெண்ணும், ஏழையும் செல்வரும், உள்ளூராரும் வெளியூராரும் அங்கே சேரலாம்; தங்குவதற்குக் கால வரம்பில்லை.

நம் கவனத்திற்குரியவை இதன் வேறு இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, குணமாகி வெளியேறுபவருக்கு வக்ஃபு வருமானத்திலிருந்தே உடை வழங்கப்பட்டது. (பொற்காசுகளும் வழங்கப்பட்டதாகச் சொற்பொழிவாளர்கள் சேர்த்துச் சொல்வதுண்டு. நாம் உடையோடு நிறுத்திக்கொள்வோம்; அதுவே போதிய சிறப்பு.) மற்றொன்று, வீட்டிலேயே நோயுற்றுக் கிடக்கும் ஏழைகளுக்கு மருந்தும் உணவும் வீடு தேடிச் சென்றன. இந்த வக்ஃபின் நிர்வாகப் பொறுப்பில் சில காலம் இருந்தவரும் வரலாற்றாசிரியருமான நுவைரீ (மறைவு கி.பி. 1333) இதை எழுதியுள்ளார். மருத்துவமனையின் கடமை அதன் வாசலோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடையைக் கொடுத்து அனுப்பினால் போதும் என்று அன்று கருத முடிந்ததற்குக் காரணம், வெளியே ஒரு வீடும் உற்றாரும் காத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையே. எவருமே காத்திராத மனிதரைப் பற்றி அறிய வக்ஃபுப் பத்திரங்களை விட்டு ஃபிக்ஹு நூல்களுக்குத்தான் செல்ல வேண்டும்.

கலாவூன் அமீராக இருந்த காலத்தில் அதே திமிஷ்கில் வாழ்ந்தவர் இமாம் நவவீ (ரஹ்). நம் அரபிக் கல்லூரிகளில் ஷாஃபிஈ மாணவர்கள் பயிலும் அவர்களுடைய ‘மின்ஹாஜ்’, ‘ஹளானத்’ என்பதைத் தன் காரியத்தைத் தானே நிர்வகிக்க இயலாதவரைப் பாதுகாத்துப் பேணுதல் என்று வரையறுக்கிறது. குழந்தை வளர்ப்பு என்று நாம் சுருக்கிப் பொருள் கொள்ளும் இச்சொல்லில், வயது வந்த மனநோயாளியும் அடங்குவார் என விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். அதே நூலின் ‘ஹஜ்ர்’ பாடத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. சித்தம் கலங்கியவர் மீதான செயல்தடை, அவர் தெளிவடைந்த கணமே தானாக நீங்கிவிடும். காஜியின் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதாவது தெளிந்தவர் அந்நேரமே தமக்குத் தாமே உரியவர். அழைத்துச் செல்ல ஆளில்லை என்பதற்காக அவரை அடைத்து வைத்திருக்க இதில் இடமில்லை.

நூலில் உள்ளது இது. நம் கடற்கரையில் நடந்தது வேறு.

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சுல்தான் ஸையிது இப்ராஹீம் ஷஹீது (வலி) அவர்களின் தர்காவைச் சுற்றித் தனியார் பலர் மனநோயாளர் காப்பகங்களை நடத்திவந்தனர். பல சமயத்தாரும் தம் உறவினரை அங்கே கொண்டுவந்து விட்டனர். சிலர் அவ்வப்போது வந்து பார்த்தனர். சிலர் பணம் மட்டும் அனுப்பினர். சிலர் திரும்பியே பார்க்கவில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று விடியுமுன் ஒரு காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் கருகினர். 28 உயிர்கள் போயின. இப்னு ஜுபைர் கண்ட சங்கிலி எட்டு நூற்றாண்டுகள் கடந்தும் அறுபடவில்லை. திமிஷ்கில் அதனருகே ஒரு மருத்துவராவது இருந்தார்.

காப்பகங்கள் மூடப்பட்டன. அங்கிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோரில் பலர் சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். உயிர் தப்பியது பெரிது. என்றாலும் ஒரு காப்பகத்திலிருந்து ஒரு மருத்துவமனைக்குப் போவது வீடு திரும்புவதாகாது. 2019இல் வெளியான தேசிய ஆய்வொன்று நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளைப் பார்வையிட்டு, உள்ளிருப்போரில் நூற்றுக்கு 36 பேருக்கு மேல் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே தங்கியிருப்பதாகக் கண்டது.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) சங்கிலியிடுவதை எவ்வடிவிலும் தடை செய்தது. அதன் 19ஆம் பிரிவு, குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கலாகாது என்கிறது. அத்தகையோருக்கு இடைநிலை இல்லங்களும் குழு இல்லங்களும் அமைத்துத் தருவது அரசின் பொறுப்பு என்றும் சொல்கிறது. ஹஜ்ர் பாடத்தைப் படித்தவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படியிருக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சான்றுண்டு. ‘தி பேன்யன்’ தொண்டு நிறுவனம் 2015இல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. நீண்ட காலம் மருத்துவமனையிலோ காப்பகத்திலோ இருந்தவர்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து, சாதாரணக் குடியிருப்பில் ஒரு வாடகை வீட்டில் வாழ்வார்கள். துணைக்கு ஒரு பணியாளர் இருப்பார். சமைப்பதும் கடைக்குப் போவதும் பக்கத்து வீட்டாரோடு பேசுவதும் அவர்கள் பாடு. இதை ஹளானத்தோடு முழுவதும் ஒன்றாக்கிவிடவும் கூடாது. ஹளானத்தில் பேணுபவர் முடிவு செய்கிறார். இங்கே வாழ்பவர் முடிவு செய்ய, உடனிருப்பவர் துணை நிற்கிறார். தெளிந்தும் தளர்ந்தும் மாறி மாறி இருக்கும் ஒருவருக்கு இரண்டும் வெவ்வேறு நாள்களில் தேவைப்படலாம்.

வாடகை யார் தருவது? இக்கேள்வி அன்றும் இருந்தது. ஹளானத்தின் செலவு முதலில் அவருடைய சொந்தப் பொருளிலிருந்து. அது இல்லையேல் அவருக்கு நஃபகா கடமையான உறவினர் மீது. அவரும் இல்லையேல் பைத்துல்மாலிலிருந்து. அங்கும் இல்லாதபோது வசதி படைத்த முஸ்லிம்கள் மீது என்று ஷாஃபிஈ நூல்கள் வரிசைப்படுத்துகின்றன. இன்று நம் மஹல்லாக்கள் பலவற்றில் பைத்துல்மால் இயங்குகிறது. திருமண உதவி, கல்வி உதவி, அறுவைச் சிகிச்சைக்கான உதவி என அதன் செலவுகள் கணக்கேட்டில் வரிசையாக வருகின்றன. குணமாகியும் வெளியே வர இயலாத ஓர் ஊர்க்காரருக்கான வீட்டு வாடகை என்றொரு வரியை அக்கணக்கில் நாம் இன்னும் பார்த்ததில்லை.