கெர்ரி ஜெர்ரியான கதை

தொகுதி எல்லையைத் தன் கட்சிக்குத் தோதாக வளைத்து வரைவதை அமெரிக்காவில் ‘ஜெரிமேண்டர்’ என்பார்கள். இந்தச் சொல்லில் முன்பாதி மனிதர், பின்பாதி பிராணி.

மனிதர் எல்பிரிட்ஜ் கெர்ரி, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த அவர், 1812 பிப்ரவரியில் மாநில செனட் தொகுதிகளைத் திருத்தும் சட்டத்துக்கு ஒப்புதல் தந்தார். எசெக்ஸ் கவுண்டியில் ஒரு தொகுதி மார்பிள்ஹெட்டில் தொடங்கி, ஆண்டோவர், ஹேவர்ஹில் வழியாக வளைந்து சாலிஸ்பரி வரை நீண்டது. மார்ச் 26 அன்று எதிர்க்கட்சி ஏடான ‘பாஸ்டன் கெஜட்’ அதற்குச் சிறகும் நகமும் பூட்டிக் கேலிச்சித்திரமாக வெளியிட்டது. நீண்ட வாலுள்ள சாலமாண்டர் என்ற பிராணியோடு கெர்ரியின் பெயரை ஒட்டியதும் சொல் பிறந்துவிட்டது. விரைவிலேயே வினைச்சொல்லாகவும் ஆயிற்று.

அந்தச் சட்டத்தில் கெர்ரிக்கு விருப்பமில்லை என்று அவர் வரலாற்றை எழுதிய மருமகன் சொல்கிறார். ஆனாலும் பழி கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விழுந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் அவர் கட்சி எதிர்க்கட்சியைவிடக் குறைந்த வாக்கு வாங்கியும் செனட்டின் 40 இடங்களில் 29ஐப் பிடித்தது. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியான ஆளுநர் தேர்தலில் வளைக்க எல்லை இல்லை. அதில் கெர்ரி தோற்றார். பிறகு துணைக் குடியரசுத் தலைவரானார். ‘கெ’ என்று ஒலித்த அவர் பெயரின் முதலெழுத்து, இந்தச் சொல்லில் மட்டும் ‘ஜெ’ ஆகிவிட்டது.

சொல்லின் வால் இன்றும் நீள்கிறது. விஸ்கான்சினில் குடியரசுக் கட்சி 2011இல் வரைந்த வரைபடப்படி நடந்த 2012 தேர்தலில், அக்கட்சி 48.6 சதவீத வாக்குக்குப் பேரவையின் 99இல் 60 இடங்களைப் பெற்றது. பெனோகி மலையில் இரும்புச் சுரங்கத்துக்கு வழிவிடும் மசோதா, அத்தேர்தலுக்கு முன் மாநில செனட்டில் ஒரே ஓட்டில் தோற்றிருந்தது. அத்தேர்தலுக்குப் பிறகு, 2013இல், அதே நோக்கமுள்ள மசோதா ஒரே ஓட்டில் வென்றது. மலைக்குக் கீழே பேட் ரிவர் ஒஜிப்வே பழங்குடியினரின் காட்டரிசிச் சதுப்புகள் இருக்கின்றன. சுரங்க நிறுவனம் 2015இல் விலகிக்கொண்டது. ஆற்றையும் ஏரியையும் காக்க ஓட்டுக் கேட்கும் அமைப்புகள் தொகுதிக் கோட்டைப் பற்றியும் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

2023 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் நடைமுறையிலிருந்த வரைபடத்தை ரத்து செய்தது. தொகுதிகள் துண்டு துண்டாகக் கிடந்தன என்பதே காரணம். கட்சிச் சார்பு பற்றி அது தீர்ப்புச் சொல்லவில்லை. புதிய எல்லைகளில் நடந்த 2024 தேர்தலில் பேரவையில் குடியரசுக் கட்சிக்கு 54, எதிர்க்கட்சிக்கு 45 இடங்கள் என்றானது.

கணினி வரையும் கோடு வால் முளைக்காமலே அதே வேலையைச் செய்யும். ஆகவே உருவத்தைப் பார்த்தால் போதாது. வாங்கிய வாக்கையும் கிடைத்த இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.