மேலே இருந்து பார்த்தா எல்லாம் பச்சைதான்

போன் மேப்புல செயற்கைக்கோள் படத்தைத் திறந்து திருச்சியைப் பாருங்க. முக்கொம்புல பிரியுற காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல ஸ்ரீரங்கம் தீவு நீளமா கிடக்கும். ஆத்தோரமெல்லாம் வாழையும் நெல்லும். அப்படியே தெற்கே மணப்பாறைப் பக்கம் நகர்த்தினா காய்ஞ்ச நிலம், ஊடே குளம் வடிவத்துல கரும்பச்சைத் திட்டுகள். செழிப்புன்னு நினைச்சுடாதீங்க. தண்ணி நிக்க வேண்டிய இடத்துல மண்டிக் கிடக்கிற சீமைக் கருவேலமாவும் இருக்கலாம்.

இந்த மரம் தானா வரல. வறண்ட பகுதிகளுக்கு விறகு மரம் வேணும்னு 1876-ல் சென்னை மாகாண வன அதிகாரி பெடோம் எழுதிக் கேட்டார். அடுத்த வருஷம் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. குஜராத்தில் கட்ச் பகுதியின் உப்புப் பாலை, பன்னி புல்வெளிக்குள் பரவாமல் தடுக்க 1960-களின் தொடக்கத்தில் வனத்துறை இதையே நட்டது. மரம் பிழைச்சுது, புல் போச்சு. மால்தாரிகளின் மாடுகளுக்கு மேய்ச்சல் சுருங்கியது. அது எவ்வளவு வேகமாப் பரவுதுன்னு காட்டியவை, பல வருஷத்துச் செயற்கைக்கோள் படங்கள்.

படம் எப்படிச் சொல்லுது? உயிருள்ள இலை சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டையும் வச்சு -1 முதல் +1 வரை ஒரு மதிப்பெண் போடுவாங்க. 1972-ல் முதல் லேண்ட்சாட் பறந்தது. 1988-ல் நம்ம ஐ.ஆர்.எஸ். 2008-லிருந்து லேண்ட்சாட் படங்கள் எல்லாருக்கும் இலவசம். அதில் ஒரு புள்ளி 30 மீட்டர் சதுரம், நம்ம கணக்குல 22 சென்ட். 2015-ல் வந்த சென்டினல்-2-ல் ஒரு புள்ளி இரண்டரை சென்ட்தான்.

ஆனா மதிப்பெண் மரத்தின் பேரைச் சொல்லாது. அதுக்கு மாசம் பார்க்கணும். சம்பா நெல் நட்டா மதிப்பெண் ஏறும், தை மாசம் அறுத்தா இறங்கும். சித்திரையில மேய்ச்சல் தரை காய்ஞ்சிருக்கும். வேர் ஆழமாப் போறதால சீமைக் கருவேலம் அப்பவும் பச்சை. கார்த்திகைப் படத்தையும் சித்திரைப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சா வித்தியாசம் புரியும். பாசன வாழை, தென்னையும் கோடையில பச்சைதான்; அதனால கடைசியில ஒரு ஆள் நேர்ல போய்ப் பார்த்தே ஆகணும்.

இதுல என்ன வம்புன்னா, ஒரு ஊர் குளத்தைத் தூர்வாரி முள்ளை வேரோடு பிடுங்கினா, அந்த வருஷம் மதிப்பெண் குறையும். படத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அது பச்சை அழிஞ்ச கணக்கு. குளம் நிறைஞ்சு, கீழே ஆயக்கட்டுல நாத்து நட்ட பிறகுதான் உண்மை தெரியும். பச்சையை மட்டும் எண்ணிப் பணம் ஒதுக்கினா, முள்ளுக்காடு வச்சவர் ஜெயிப்பார், குளம் மீட்டவர் தோப்பார்.

உங்க சொந்த ஊர்க் குளத்தை இன்னைக்கு மேப்புல தேடுங்க. பச்சையாத் தெரிஞ்சா ஊருக்குப் போன் போட்டு, அங்க கடைசியா எப்போ தண்ணி நின்னுச்சுன்னு ஒரு பெரியவர்கிட்ட கேளுங்க.