புறப்பாட்டுக்கு முந்திய நகரம்: கொழும்புத் தமிழ் லொட்ஜ்களின் வரலாறு

இலங்கைத் தமிழரின் புலப்பெயர்வைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் இரண்டு இடங்களையே மையமாகக் கொண்டுள்ளன: ஒன்று பயணி விட்டுவந்த ஊர், மற்றது அவர் சென்று சேர்ந்த நாடு. யாழ்ப்பாணத்துக்கும் டொரொன்டோவுக்கும் இடையில், மட்டக்களப்புக்கும் சூரிச்சுக்கும் இடையில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கழிந்த வாரங்களும் மாதங்களும், சிலருக்கு வருடங்களும், அந்த எழுத்துகளில் ஒரு வரியோடு கடந்துவிடுகின்றன. ஆயினும் கடவுச்சீட்டு, விசா, பணம், வழித்துணை ஆகிய நான்கும் கூடிவந்ததும் கூடாமற் போனதும் கொழும்பின் வாடகை அறைகளில்தான். எவர் போவது, எந்த நாட்டுக்குப் போவது, எவர் திரும்பி ஊருக்குச் செல்வது என்பதெல்லாம் அங்கேயே முடிவாயின. ஆகவே அந்த அறைகளின் வரலாறு புலப்பெயர்வு வரலாற்றின் நடு அத்தியாயமாக எழுதப்பட வேண்டியது.

புறப்படுவோர் தங்கிச் செல்லும் இடமாகக் கொழும்பு மாறியதற்கு அடிப்படைக் காரணம் துறைமுகம். 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், 1875இல் தொடங்கிய தென்மேற்கு அலைதடுப்பு அணை அடுத்த பத்தாண்டுகளில் நிறைவேறியதும், ஐரோப்பாவிலிருந்து கீழைத்தேயங்களுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் செல்லும் கப்பல்களை அதுவரை அவை நாடிய காலியிலிருந்து கொழும்புக்குத் திருப்பின. துறைமுகத்துக்கு வடகிழக்கே அணித்தாக அமைந்த கொட்டாஞ்சேனை, 19ஆம் நூற்றாண்டில் செல்வந்தரின் மாளிகைகள் நிறைந்த பகுதியாக இருந்தது. துறைமுகம் பெருகப் பெருக அவர்கள் கறுவாத் தோட்டப் பகுதிக்கு இடம்பெயர, அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் கிட்டங்கிகளும் கூலித் தொழிலாளரின் குடியிருப்புகளும் சிறு வணிகரின் வீடுகளும் எழுந்தன. பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கிக் கருங்கல்லால் மீண்டும் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயில், புனித லூசியா பேராலயம், கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம், 1902இல் நிறுவப்பட்ட விவேகானந்த சபை ஆகியவை ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தூரத்தில் அமைந்ததால், மொழியும் வழிபாடும் அறிமுகமான ஒரு சூழல் புதிதாக வந்திறங்கும் தமிழருக்கு அங்கே கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளிலிருந்து மலாயாவின் ரயில்வே, அளவை, கணக்குத் துறைகளில் வேலை தேடிச் சென்ற யாழ்ப்பாணத்து இளைஞரில் பெரும் பகுதியினர் இந்த நகரத்தின் வழியாகவே கடல் கடந்தனர். ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பி ‘மலாயன் பென்சனியர்’ என்று அழைக்கப்பட்டோரின் தலைமுறை அது.

வெள்ளவத்தை வேறு விதமாக வளர்ந்தது. 1870களில் கரையோர ரயில்பாதை தெற்கே பாணந்துறை வரை நீண்டதும், காலி வீதியின் இருமருங்கும் கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளும் நகருக்கு வேலைக்குச் செல்வோரின் குடியிருப்பாயின. 1905இல் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே நேரடி ரயில் ஓடத் தொடங்கியபின், ஆங்கிலக் கல்வி பெற்ற வடபகுதி இளைஞர் அரசாங்க எழுதுவினைஞர் வேலைக்காகத் தொகையாக வந்து, ‘சமறி’ எனப்பட்ட முறையில் தங்கினர். மணமாகாத, அல்லது குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆண்கள் பலர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் ஒருவரை அமர்த்தி, செலவைப் பங்கிட்டுக்கொள்வதே சமறி. சென்னைத் திருவல்லிக்கேணியின் மேன்சன்களும் தனித்து வாழும் உத்தியோகத்தருக்கான இடங்களே என்றாலும், சமறியில் ஊரும் பாடசாலையும் உறவும் ஒருவரை உள்ளே சேர்க்கும் தகுதிகளாக இருந்தன. புதிதாக வருபவர் ஊர்க்காரர் ஒருவரின் அறையில் பாய் விரித்துக்கொண்டு வேலை தேடத் தொடங்குவது வழக்கமானது. 1930இல் இராமகிருஷ்ண மிஷன் கொழும்பில் தன் பணியைத் தொடங்கியதும், 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் பிற்காலத்தில் வெள்ளவத்தையில் நூலகத்துடன் நிலைபெற்றதும், அந்த உத்தியோகத்தர் சமூகம் அங்கு வேரூன்றியதன் அடையாளங்கள்.

அந்த வேர் 1956இல் ஆட்டம் காணத் தொடங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் ‘யாழ்தேவி’ ரயில் ஓடத் தொடங்கியது. யூன் மாதத்தில் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. வடக்கையும் தலைநகரையும் ஒரு பகற்பொழுதில் இணைத்த ரயிலும், அந்த ரயிலில் வருவோருக்கான அரசாங்க வேலையைச் சுருக்கிய சட்டமும் ஒரே ஆண்டில் வந்தன. 1958ஆம் ஆண்டின் வன்செயல், 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், 1977ஆம் ஆண்டின் வன்செயல் ஆகியவை அடுத்தடுத்து வந்தபோது, கொழும்பில் நிலைப்பதற்காக வந்த இளைஞரின் இடத்தில், கொழும்பிலிருந்து வெளியேறுவதற்காக வந்த இளைஞர் பெருகினர். ஐக்கிய இராச்சியத்துக்கு முன்கூட்டிய விசா இல்லாமலே விமானம் ஏறலாம் என்றிருந்த அக்காலத்தில் அவர்களின் தங்கல் குறுகியதாக இருந்தது. உறவினர் வீட்டில் அல்லது ஊர்க்காரரின் சமறியில் சில நாட்கள் தங்கி, கட்டுநாயக்கா விமான நிலையம் சென்றால் போதுமாயிருந்தது.

தங்கலை நீட்டியவை இரண்டு நிகழ்வுகள். முதலாவது 1983 யூலையின் இனவன்செயல். யூலை 25ஆம் நாள் வெள்ளவத்தையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, இரத்மலானை விமான நிலையம் முதலிய இடங்களில் அகதிகளாகத் தங்கியோரில் பலர் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். அதன்பின் வெளிநாடு செல்வது குடும்பத்துக்குக் குடும்பம் ஓர் அவசரமாயிற்று. இரண்டாவது, அந்த அவசரம் உச்சத்திலிருந்தபோது மேலை நாடுகளின் கதவுகள் சாத்தப்பட்டமை. 1985 மே மாத இறுதியில் ஐக்கிய இராச்சியம் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் பிரசைகள் மீது அது அவ்வாறு விதித்தது அதுவே முதன்முறை. கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பேர்லினுக்குக் கடக்கும் வழியும் அதே ஆண்டின் நடுப்பகுதியில் கிழக்கு ஜெர்மனியால் அடைக்கப்பட்டது. உரிய ஆவணமின்றிப் பயணியரை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்குத் தண்டம் விதிக்கும் சட்டத்தை 1987இல் பிரித்தானியா இயற்றியது. நேர்வழி அடைபட்டதும், ‘ஏஜென்சிக்காரர்’ எனப்பட்ட இடைத்தரகர் மொஸ்கோ, பாங்கொக், சிங்கப்பூர், மேற்கு ஆபிரிக்க நகரங்கள் எனச் சுற்றுவழிகளைத் திறந்தனர். ஒருவரின் கடவுச்சீட்டில் இன்னொருவரின் படத்தைப் பொருத்தும் ‘தலைமாற்று’ முறையும், குழுவாகச் சேர்த்து அனுப்பும் முறையும் வழக்கத்துக்கு வந்தன. குழு நிறையும் வரை, வழி திறக்கும் வரை, பணத்தின் அடுத்த தவணை வரும் வரை பயணி கொழும்பில் இருக்க வேண்டியதாயிற்று. அந்தத் தேவையே வீட்டுத் திண்ணையும் சமறியும் தாங்கமுடியாத அளவுக்குப் பெருகி, லொட்ஜ் என்ற வணிக அமைப்பை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் பரப்பியது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் கொழும்புக்கு வந்து சேர்வதே தனிப் பயணமாயிற்று. வடக்கிலிருந்து வெளியேற விடுதலைப் புலிகளின் ‘பாஸ்’ எனப்பட்ட அனுமதிச் சீட்டும், அதற்குப் பிணை நிற்பவரும் தேவைப்பட்டனர். ஆனையிறவு வழி மூடப்பட்டிருந்ததால், கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்து, வன்னி வழியாக வவுனியாவை அடைந்து, அங்கே படையினரின் சோதனைக்குப்பின் தெற்கே வரவேண்டியிருந்தது. யாழ்ப்பாணம் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்த 1996க்குப்பின் திருகோணமலைக்குக் கப்பலும் இரத்மலானைக்கு விமானமும் ஓடின. இத்தனை தடைகளையும் கடந்து வந்தவர், அலுவல் முடியாமல் திரும்பிச்செல்வதை நினைத்தும் பார்க்கமுடியாத நிலையில் இருந்தார். திரும்பினால் மீண்டும் வெளியேற அனுமதி கிடைக்குமென்ற உறுதி இல்லை.

லொட்ஜ் என்பது பெரும்பாலும் பழைய வீட்டின் அறைகளைப் பலகையால் பிரித்தோ, மேல்மாடி எழுப்பியோ அமைத்த கட்டடம். ஓர் அறையில் பலர் பங்கிட்டு இருப்பதும், குளியலறை பொதுவாக இருப்பதும், சமையலுக்கு அனுமதி இல்லாததால் அருகிலுள்ள சைவக்கடையிலோ சாப்பாட்டுக்கடையிலோ உண்பதும் வழமை. அங்கே தங்கியோர் அனைவரும் ஒரே வகையினர் அல்லர். ஏஜென்சிக்குப் பணம் கட்டிய இளைஞருக்கு அடுத்த அறையில், வெளிநாட்டிலுள்ள கணவனோ மணமகனோ அனுப்பிய ஆவணங்களோடு தூதரக நேர்முகத்துக்காகக் காத்திருக்கும் பெண் தன் தாயுடன் இருந்தார். பிள்ளைகளிடம் செல்லும் முதியோர், மத்திய கிழக்கில் பணிப்பெண் வேலைக்குச் செல்வோர், புற்றுநோய்க்கும் இருதயநோய்க்கும் சிகிச்சை தேடி வந்தோர் எனப் பலரும் அதே கூரையின்கீழ் இருந்தனர். வெளிநாட்டு மணமகன் போர்க்காலத்தில் வடக்குக்குச் செல்வது அரிதாகையால், இரு வீட்டாரும் கொழும்பில் கூடி, பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் உள்ள மண்டபங்களில் திருமணம் நடத்தி, மணமகன் முதலில் பறக்க, மணமகள் விசா வரும்வரை லொட்ஜில் தங்கும் புதிய வழக்கமும் உருவாயிற்று.

காத்திருப்பு வெறுமையாக இருக்கவில்லை. ஆங்கிலமும் கணினியும் கற்பிக்கும் தனியார் வகுப்புகள் காலி வீதியோரம் பெருகின. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளின் அடிப்படைகளைக் கற்போரும் இருந்தனர். கையிருப்புக் கரைந்தவர்கள் வெள்ளவத்தையின் புடைவைக் கடைகளிலும், செட்டியார் தெருவின் நகைக்கடைகளிலும், உணவகங்களிலும் தற்காலிக வேலை செய்து அறை வாடகையை ஈட்டினர். ‘கொமினிகேஷன்’ எனப்பட்ட தொலைபேசிக் கடைகளில் குறித்த நேரத்துக்கு வெளிநாட்டு அழைப்பை எதிர்பார்த்து மக்கள் வரிசையில் நின்றனர். உண்டியல் முறை, அதாவது வெளிநாட்டில் ஒருவரிடம் கொடுத்த பணத்தை வங்கி வழியன்றி அவருடைய கூட்டாளி இங்கே கையில் சேர்ப்பிக்கும் ஏற்பாடு, அந்த அறைகளின் வாடகையையும் ஏஜென்சியின் தவணையையும் செலுத்தியது. கொட்டாஞ்சேனையையும் வெள்ளவத்தையையும் தொட்டு மொறட்டுவைக்கு ஓடும் 102ஆம் இலக்க பஸ், காலி வீதியில் கொள்ளுப்பிட்டித் தூதரகங்களையும் கடந்து சென்றதால், இந்த வாழ்க்கையின் முக்கியமான இடங்கள் பலவற்றை ஒரே பாதையில் கோத்தது. இவ்வாறு பல்லாயிரம் பேரின் தற்காலிகத் தங்கல், வெள்ளவத்தையின் நிரந்தரப் பொருளாதாரமாயிற்று. பிற்காலத்தில் அங்கே எழுந்த தொடர்மாடிக் கட்டடங்களின் பின்னாலும் அவ்வழியே வெளியேறியோர் அனுப்பிய பணம் கணிசமாக இருந்தது.

இந்த வாழ்க்கை முழுவதும் கண்காணிப்பின்கீழ் நடந்தது. அவசரகால விதிகளின்படி வீட்டுக்காரரும் லொட்ஜ் நடத்துவோரும் தம்மிடம் தங்குவோரின் விபரங்களைப் பொலிஸ் நிலையத்தில் கொடுத்தாக வேண்டும். தேசிய அடையாள அட்டையில் யாழ்ப்பாண, வன்னி, கிழக்கு முகவரி உடையவர் கொழும்பில் தங்குவதற்கான காரணத்தையும் காலத்தையும் கூறிப் ‘பொலிஸ் பதிவு’ பெற்றிருக்க வேண்டும். 1996 ஜனவரி 31ஆம் நாள் மத்திய வங்கி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டதைப் போன்ற ஒவ்வொரு தாக்குதலின் பின்னும் சுற்றிவளைப்புகள் நிகழ்ந்து, இரவில் லொட்ஜ் அறைகள் தட்டப்பட்டு, பதிவுத்தாள் கையில் இருந்தும் பலர் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். தாக்குதலில் இறந்த நகரமக்களின் அச்சமும் துயரமும் உண்மையானவை. ஆனால் அந்த அச்சத்தின் விலை, ஊரின் பெயரை மட்டும் காரணமாகக் கொண்டு, எக்குற்றமும் செய்யாத பயணியர் மீது சுமத்தப்பட்டது. ஏஜென்சி வழியில் செல்பவருக்கு இன்னொரு இக்கட்டும் இருந்தது: தான் தங்கியிருப்பதன் மெய்யான காரணத்தைப் பொலிஸாரிடம் சொல்ல அவரால் இயலாது.

இக்கண்காணிப்பு தன் எல்லையை அடைந்தது 2007 யூன் 7ஆம் நாளில். யாழ்ப்பாணத்துக்கான தரைவழியாகிய ஏ9 பாதை 2006 ஓகஸ்டில் முகமாலையில் மூடப்பட்டதால் லொட்ஜ்கள் வழமையினும் நிறைந்திருந்த காலம் அது. அன்று அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர் பொலிஸாராலும் படையினராலும் வெளியேற்றப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு, பெரும்பாலும் வவுனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தகுந்த காரணமின்றித் தலைநகரில் தங்கியிருப்போர் என்பதே அதிகாரிகள் தந்த விளக்கம். வவுனியாவில் இறக்கப்பட்ட யாழ்ப்பாணத்தவருக்கு வீடு செல்லத் தரைவழி இருக்கவில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு உடனே உயர்நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்ய, மறுநாளே, யூன் 8இல், அத்தகைய வெளியேற்றத்தைத் தடுக்கும் இடைக்காலக் கட்டளை பிறப்பிக்கப்பட்டது. அனுப்பப்பட்டோரில் பலர் திரும்பவும் கொழும்புக்கு அழைத்துவரப்பட்டனர். பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க அரசின் சார்பில் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். 1978ஆம் ஆண்டு யாப்பின் 14ஆம் உறுப்புரை, இலங்கையில் எங்கும் நடமாடவும் தான் விரும்பும் இடத்தில் வதியவும் ஒவ்வொரு பிரசைக்கும் உள்ள சுதந்திரத்தைக் கூறுகிறது. அந்த வாசகம், நாட்டை விட்டுப் போகக் காத்திருந்தவர்களின் அறைகளை முன்னிட்டு நீதிமன்றத்தில் உயிர்பெற்றது.

2009 மே மாதத்தில் போர் முடிந்து, 2014இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியபின், கொழும்பில் மாதக்கணக்கில் தங்கவேண்டிய தேவை தணிந்தது. இரவு பஸ்ஸில் வந்து அலுவலை முடித்து மறுநாள் இரவே திரும்புவது பலருக்குச் சாத்தியமாயிற்று. லொட்ஜ்கள் சில நீடிக்கின்றன. பல இடிக்கப்பட்டு மாடிவீடுகளாகிவிட்டன. அங்கே தங்கியோரின் பெயர்கள் லொட்ஜ் பதிவேடுகளிலும் பொலிஸ் படிவங்களிலும் மட்டுமே எழுதப்பட்டன. அவை கண்காணிப்புக்காக எழுதப்பட்டவை. தங்கியவரின் குரல் அவற்றில் இல்லை. அக்குரல் இன்று டொரொன்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் ஒஸ்லோவிலும் முதுமையை நெருங்கும் ஒரு தலைமுறையிடமே உள்ளது. லொட்ஜ் நடத்தியோர், அறை துப்புரவு செய்தோர், சைவக்கடைக்காரர், தொலைபேசிக் கடை வைத்திருந்தோர், போகாமல் திரும்பியோர் ஆகியோரின் வாய்மொழியும் அதனோடு சேர்த்துத் திரட்டப்படுமாயின், புலப்பெயர்வு வரலாற்றின் விடுபட்ட பகுதி எழுதப்படலாம். அந்த வரலாறு தலைநகரத்தைப் பற்றியும் ஒன்றைத் தெளிவாக்கும்: ஒரு நாட்டின் பிரசை அதன் தலைநகரில் ஓர் இரவு தங்குவதற்குக் காரணம் சொல்லவேண்டிய நிலை ஒரு தலைமுறைக்காலம் நீடித்தது, அக்காரணத்தைக் கேட்கும் அதிகாரம் எவருக்கும் இருக்கக்கூடாது என்பதே வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அந்நாட்டுக்கு விட்டுச்செல்லும் பாடம்.