காட்டுக்கோழியின் கழுத்திறகு: ஒரு தூண்டிலின் வரலாறு



ஏரிக்கரையில் மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போட்டுக் காத்திருப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புழுவே இல்லாமல், இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சி போலச் செய்து வீசும் முறையும் உண்டு. அதை 'ஃப்ளை' என்பார்கள். குட்டி மீன் போல நீளமாகக் கட்டினால் 'ஸ்ட்ரீமர்'. குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரௌட் மீனைப் பிடிக்க அமெரிக்காவில் பெயர்பெற்றது இது. இதற்குக் 'கண்' கொடுத்தது நம் மலைப் பறவை ஒன்று என்றால் நம்புவீர்களா?

டிரௌட் நம் நாட்டு மீன் அல்ல. நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயர் அதை அங்கே வளர்க்க ஆசைப்பட்டனர். 1860களில் பிரான்சிஸ் டே எடுத்த முதல் முயற்சி பலிக்கவில்லை. பின்னர் எச்.சி. வில்சனின் முயற்சியால் 1907இல் அவலாஞ்சியில் டிரௌட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது.

அதே நீலகிரிப் புதர்களில் மேய்வதுதான் சாம்பல் காட்டுக்கோழி. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொனரா 1782இல் வெளியான தன் பயண நூலில் இதை விவரித்தார். இதன் அறிவியல் பெயரிலும் அவர் பெயரே இருக்கிறது. சேவலின் கழுத்திறகு நுனியில் மெழுகு பூசியது போல வெண்மஞ்சள் புள்ளிகள் மின்னும். வீட்டுக் கோழியின் மஞ்சள் கால் நிறத்துக்கான மரபணு இந்தப் பறவையிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். மெயின் மாநிலத்தில் கேரி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி தொப்பி அலங்காரம் செய்துவந்தார். 1924 ஜூலை 1 அன்று, தானே கட்டிய ஸ்ட்ரீமரால் சுமார் 3 கிலோ எடையுள்ள டிரௌட்டைப் பிடித்தார். அதன் வழியில் அவர் பின்னர் உருவாக்கிய 'கிரே கோஸ்ட்' உலகப் புகழ் பெற்றது. அதன் இரு கன்னத்திலும் வைப்பது நம் காட்டுக்கோழியின் இறகு. தண்ணீருக்குள் அது குட்டி மீனின் கண்ணாகத் தெரியும்.

நீளமான ஸ்ட்ரீமரில் ஒரு சிக்கல் உண்டு. மீன் வாலை மட்டும் கவ்வும், முன்னால் இருக்கும் முள்ளில் மாட்டாது. ஒரே நீள முள்ளில் கட்டினாலோ விறைப்பாக நிற்கும், மாட்டிய மீனும் நெம்பிக் கழன்றுவிடும். அதனால் இரண்டு குட்டை முட்களைக் கம்பியாலோ கெட்டி நூலாலோ இணைத்து, நடுவே ஒரு மணி கோத்தார்கள். இழுக்கும்போது அது மீன் போலவே நெளியும். கெல்லி கேலப்பும் பாப் லின்சன்மனும் 1999இல் எழுதிய நூல் பெரிய ஸ்ட்ரீமர்களைப் பரவலாக்கியது. அளவுக்குக் கணக்கு எளிது: அந்த ஓடையில் பெரிய மீன் தின்னும் குட்டி மீன் எவ்வளவு நீளமோ, அதை ஒட்டியே கட்ட வேண்டும். முள் வாங்கும்போது கவனம் தேவை. 8ஆம் எண் முள்ளைவிட 4ஆம் எண் முள்தான் பெரியது!

இந்த அழகுக்கு விலை கொடுத்தது பறவை. கழுத்துத் தோலோடு இறகு ஏற்றுமதியானது. ஒவ்வொரு தோலுக்கும் ஒரு சேவல் செத்தது. 1960களின் பிற்பகுதியில் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்று, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தப் பறவையை வேட்டையாடுவது குற்றம்.

தடையால் அந்தப் பொழுதுபோக்கு அழிந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். வெளிநாடுகளில் பண்ணையில் வளர்த்த கோழிகளின் இறகைப் பயன்படுத்தினார்கள். பிளாஸ்டிக்கில் போலி இறகும் செய்தார்கள். மீன் அதையும் கவ்வியது.

தாம்பரத்தில் ரயிலேறிக் கொடைக்கானல், தென்காசிப் பக்கம் விடுமுறைக்குப் போகிறவர்கள், விடியற்காலையில் காட்டோரம் சற்றுக் காது கொடுங்கள். நம் வீட்டுச் சேவல் கூவலிலிருந்து வேறுபட்ட ஒரு குரல் கேட்கலாம். பிள்ளைகளுக்கு அந்தப் பறவையைக் காட்டுங்கள். யாராவது அதன் இறகையோ தோலையோ விற்க வந்தால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.