சீரற்ற காலநிலையும் அதன் சொற்களும்

பல்லாரோ சந்தையிலிருந்து போர்த்தா தி காஸ்த்ரோ தெருவுக்குள் இறங்கும்போது நாம் ஒரு பழைய ஆற்றுப்படுகையில் நடக்கிறோம். அல்பெர்கேரியா வழியே ஓடிய கெமோனியா, எங்கள் வழுக்கியாற்றைப் போல, மழைக்காலத்தில்தான் பெருகும். அதனால் பலெர்மோ மக்கள் அதற்கு 'மால்தெம்போ ஆறு' என்று மறுபெயர் வைத்தார்கள். எங்கள் வானொலிச் செய்தியின் பாணியில் சொன்னால், சீரற்ற காலநிலையின் ஆறு. 1557 இல் வந்த வெள்ளம் நகருக்குள் புகுந்து பெரும் உயிர்ச்சேதத்தை ஏற்படுத்தியது.

'தெம்போ' என்றால் நேரமும் வானிலையும். தமிழர் எமக்கு இது புதினமில்லை. மழைக்காலம் என்கிறோம், கெட்டகாலம் என்கிறோம், இரண்டிலும் ஒரே காலம்தான். ஆங்கிலத்தின் 'ரெம்பெஸ்ட்' என்ற புயற்சொல்லும் காலத்தைக் குறித்த அதே இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் அதை மறந்துவிட்டார்கள்.

இங்கே பல வீடுகளில் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். இத்தாலியில் படிக்கிறார்கள், லண்டன், கனடா உறவுகளுடன் ஆங்கிலத்தில் கதைக்கிறார்கள், எமக்குத் தமிழில் சொல்கிறார்கள். அவர்கள் அதிகம் தடுக்கி விழுவது காற்று மழைச் சொற்களில்.

'ஸ்ரோம்' என்றால் புயல். ஆனால் படையினர் ஒரு கட்டடத்தை 'ஸ்ரோம்' பண்ணினார்கள் என்று செய்தியில் வந்தால், அதிரடியாகத் தாக்கி உள்ளே புகுந்தார்கள் என்று பொருள். அங்கே காற்றுமில்லை, மழையுமில்லை. 'அண்டர் த வெதர்' என்றால் உடம்புக்குச் சுகமில்லை. சின்ன விசயத்துக்குப் பெரிய ஆர்ப்பாட்டம் செய்தால் ஆங்கிலேயருக்கு அது தேநீர்க் கோப்பைக்குள் புயல், இத்தாலியருக்குத் தண்ணீர்க் குவளைக்குள்.

'சைக்ளோன்' எங்கள் பக்கத்தில் பிறந்த சொல். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கி, 1848 இல் மாலுமிகளுக்காக எழுதிய நூலில் அறிமுகப்படுத்தினார். மட்டக்களப்பாருக்கு விளக்கம் தேவையில்லை. 1978 நவம்பர் 23 ஐக் கண்டவர்கள் இன்றும் சூறாவளிக்கு முன், சூறாவளிக்குப் பின் என்றுதான் வயதைக் கணக்குப் பார்க்கிறார்கள்.

கணக்குப் படித்த எம்மைப் போன்றோருக்கு இன்னொரு வேடிக்கை. நட்டமடைந்த கம்பனியின் ஆண்டறிக்கையில் 'ஹெட்விண்ட்', அதாவது எதிர்க்காற்று, தவறாமல் வரும். இலாபம் வந்த ஆண்டில் காற்றுக்கு ஒருவரும் நன்றி சொல்வதில்லை, எல்லாம் நிர்வாகத்தின் திறமை! 'விண்ட்ஃபோல்' என்பது காற்றில் தானாக விழுந்த பழம். உழைக்காமல் கிடைத்த இலாபத்துக்கும் அதுவே பெயர். பிரித்தானியாவில் 2022 இல் எண்ணெய், எரிவாயுக் கம்பனிகள் மீது போட்ட மேலதிக வரியைப் பத்திரிகைகள் அப்பெயரால்தான் அழைத்தன.

'ரெய்னி டே'க்குச் சேமியுங்கள் என்று லண்டன் மருமக்கள் சொல்வதை அப்படியே தமிழாக்கினால் 'மழைநாளுக்குச் சேமியுங்கள்' என்று வரும். கிணற்றை நம்பி வாழ்ந்த யாழ்ப்பாணத்து மனிதருக்கு மழைநாள் எப்படித் துன்பநாள் ஆகும்? 'கஷ்டகாலத்துக்கு' என்று மாற்றினால்தான் விளங்கும்.

ஆனால் ஒரு சொல் எங்களைச் சிரிக்க விடவில்லை. 2020 யூலை 15, சாந்தா ரொசாலியா திருநாள். மாலையில் கொட்டிய மழையில் ரெஜியோனே சிச்சிலியானா நெடுஞ்சாலையின் சுரங்கப்பாதைகள் மூழ்கின, ஆட்கள் கார்களை விட்டு நீந்தி வெளியேறினார்கள். கைபேசிகளில் 'பொம்பா தாக்குவா' என்று செய்தி வந்தது. எங்கள் வீட்டில் பிள்ளை அதைச் சத்தமாக வாசித்து, "அம்மம்மா, பலெர்மோவில தண்ணிக் குண்டாம்" என்றது. தண்ணி என்ற சொல் அவருடைய காதில் விழவில்லை. அடையாள அட்டையும் உறுதியும் வைத்திருக்கும் பையை எடுத்துக்கொண்டு, செருப்பையும் போட்டு, வாசலில் போய் நின்றுவிட்டார். திரும்ப உள்ளே கூட்டிவர வெகுநேரம் பிடித்தது.

இது செய்தியாளர்கள் பரப்பிய சொல், வானிலை அறிஞர் பலருக்குப் பிடிக்காது. பழைய இத்தாலிச் சொல் 'நுபிஃப்ராஜோ', மேகம் உடைதல். கப்பல் உடைவதைக் குறிக்கும் 'நவ்ஃப்ராஜோ' அதன் உடன்பிறப்பு. எங்கள் பத்திரிகைகள் எழுதும் 'மேகவெடிப்பு' இந்த இடத்தில் உதவாது, அதற்குள்ளும் வெடி இருக்கிறது. ஊரில் சொன்ன 'பேய்மழை' போதும். பேய்க்கு அம்மம்மா பயப்படுவதில்லை.

மழைக்காலம் வந்தால் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகள் கைபேசியில் வரும். சிவப்பென்றால் பெரும்பாலும் மேயரின் உத்தரவில் பள்ளிக்கூடங்களைப் பூட்டுவார்கள். முதியவர்கள் இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் நிறத்தைச் சொல்லட்டும், பிறகு பேய்மழை என்று சொல்லட்டும். 'பொம்பா'வை வாசிக்க வேண்டாம்.