உரிமமும் உரிமையும்: கெடாத் தோட்டப்புறப் பயனீட்டாளர் வரலாறு

கெடா மாநிலத் தோட்டப்புறத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் குடியேற்றம், கூலி, தொழிற்சங்கம் ஆகியவற்றின் வழியே எழுதப்பட்டுள்ளது. அம்மக்களைப் பயனீட்டாளராகக் கொண்டு, 'உரிமம்' என்னும் சொல்லின் பொருள் மாற்றத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தோட்டக் கள்ளுக்கடைகள் அரசின் உரிமத்துடன் நடைபெற்றன. விற்பவரைக் கட்டுக்குள் வைப்பதே அவ்வுரிமத்தின் அடிப்படை. எனினும், தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதி மீண்டும் தோட்டத்திற்குள்ளேயே செலவாவதற்கும் அது வழிவகுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஏ.எம். சாமியின் தலைமையில் கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது. 1947இல் சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் காவல்துறையுடன் மோதல் மூண்டு, உயிரிழப்பும் நேர்ந்தது. இதனைச் சமூகச் சீர்திருத்தம் என்ற அளவில் மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. வாங்க மறுப்பதும் பயனீட்டாளரின் உரிமையே என்பதை அத்தொழிலாளர் தம் செயலால் உணர்த்தினர்.

தோட்டங்கள் சூழ்ந்த கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. கணினி வீட்டிற்கும் பள்ளிக்கும் வந்தபோது, உரிமம் என்னும் சொல்லின் திசையும் மாறியது. முன்னர் அரசு விற்பவருக்கு அளித்த உரிமத்தை, இன்று விற்பவர் வாங்குபவருக்கு அளிக்கிறார். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. ஆயினும், நாவலொன்றை வாங்கியவர் அதனைப் பிறருக்கு இரவல் தரலாம். மென்பொருளுக்குப் பணம் செலுத்தியவரோ பெரும்பாலும் பயன்படுத்தும் இசைவை மட்டுமே பெறுகிறார். அதன் நிபந்தனைகளைப் பணம் செலுத்திய பின்னரே திரையில் காண்பதும் உண்டு.

தமிழாசிரியர் இச்சிக்கலை எழுத்துருக்களின் வழியே அறிவர். ஒருங்குறி பரவுவதற்கு முன், ஒரு மென்பொருளில் தட்டச்சு செய்த பாடம் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1999இல் சென்னை மாநாட்டில் விசைப்பலகையும் குறியீடுகளும் தரப்படுத்தப்பட்டதும், 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியதும் தமிழ்க் கணிமையைப் பொதுத் தரத்தின்பால் செலுத்திய முயற்சிகளாகும். பொதுத் தரம் நிலைபெற்றபோது, தாம் எழுதியதைத் தாமே படிக்கும் உரிமைக்காக ஒரே விற்பனையாளரைச் சார்ந்திருக்கும் நிலை தளர்ந்தது.

சட்டம் மெல்லவே பின்தொடர்ந்தது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் மின்வணிகத்தை உள்ளடக்கவில்லை. 2007ஆம் ஆண்டுத் திருத்தமே அக்குறையை நீக்கியது. 2010இல் இயற்றப்பட்டு 2011இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், நியாயமற்ற ஒப்பந்த விதிகளைச் செல்லாதவையாக்க வழிசெய்தது. இச்சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயத்தில் வழக்கறிஞரின்றியே முறையிடலாம். 2019 முதல் அதன் வரம்பு 50,000 ரிங்கிட்டாகும்.

எனினும், நிபந்தனைகளைப் படித்து மறுக்கும் விழிப்புணர்வைச் சட்டம் மட்டும் தந்துவிடாது. கள்ளுக்கடை வாயிலில் மறுத்து நின்ற தலைமுறையின் வரலாற்றை வகுப்பறையில் கற்பிப்பது அதற்குத் துணைபுரியும்.